கன்னத்தில் ஊர்ந்த எறும்புகள்

அலுவலகத்தில் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது என் இடது கன்னம் அரிக்க ஆரம்பித்தது. மேலதிகாரி நிலுவைக் கோப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் யாரும் கவனிக்காதபடி விரலை உயர்த்தி மெல்லச் சொறிந்தேன். அரிப்பு அப்படியே இருந்தது. கொஞ்சம் அழுத்திச் சொறிந்தேன். விரலுக்குக் கன்னம் தெரிந்தது, கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. கம்பளிக்கு மேலே சொறிவதுபோல இருந்தது. அரிப்பு உள்ளே எங்கோ பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் உதவியாளர், “என்ன மேடம், கொசுவா?” என்று கிசுகிசுத்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். நானாக ஆசைப்பட்டுப் போய் முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டேன், அறுபட்ட நரம்புகள் இப்போது ஒவ்வொன்றாகக் கண் விழிக்கின்றன என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். வீடும் அதே வேங்கிக்காலில், புதிதாக மனை பிரித்துக் கட்டிய தெருவில்தான். கணவர் பம்ப்செட்டும் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறார். மகன் பெங்களூரில் வேலையில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

ஐம்பதைத் தொட்டதும் எனக்குச் சர்க்கரை வந்தது. பயத்தில் சோற்றைக் குறைத்தேன். விடிந்ததும் கிரிவலப் பாதையில் நடக்கத் தொடங்கினேன். முதலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடுவேன். போகப்போகக் கால்கள் தாமாகவே நடந்தன. ஒரு வருடத்துக்குள் உடம்பு பாதியாகிவிட்டதுபோல இருந்தது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டது.

முகம் மட்டும் கேட்கவில்லை. சதை வற்றிய கன்னங்கள் இரண்டும் தாடைக்குக் கீழே இறங்கித் தொங்கின. கழுத்தில் தோல் மடிப்பு மடிப்பாக நின்றது. உடம்புக்கு ஒரு வயது, முகத்துக்கு ஒரு வயது என்றாகிவிட்டது.

அதன் பிறகு எங்கே போனாலும் ஒரே கேள்விதான். கீரை விற்கும் அம்மா, “இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? மூஞ்செல்லாம் வத்திப்போச்சே” என்றாள். பக்கத்துப் பிரிவு ஊழியர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து என் பெயருக்கு அர்ச்சனை செய்ததாகச் சொல்லி விபூதியை நீட்டினார். ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்கார அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எதா இருந்தாலும் மனச விட்ராதம்மா, இப்பெல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்குது” என்று கண் கலங்கினார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அவர் இன்னும் அழுதார். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக இருந்த காலத்தில்தான் ஊரே எனக்காக வேண்டிக்கொண்டது.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அலுத்துவிட்டது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, காதோரத் தோலை இரண்டு கையாலும் லேசாக மேலே இழுத்துப் பிடித்தேன். அங்கே நான் நின்றிருந்தேன். கையை விட்டேன். மறுபடியும் அந்த நோயாளிப் பெண்மணி வந்துவிட்டார்.

கணவரிடம் சொன்னபோது தட்டிலிருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த வயசுல இன்னாத்துக்கும்மா? எனக்கு நீ நல்லாத்தான இருக்கிற.”

“உங்களுக்காகன்னு யார் சொன்னா? எனக்காகத்தான்.”

“கத்தி வெக்கிற வேலையாச்சே. மூஞ்சில.”

“வயித்துல வெச்சுதான் உங்க புள்ளைய எடுத்தாங்க. அப்ப நீங்க எதுனா கேட்டீங்களா?”

அவர் மறுபடி தோசையைப் பிய்த்தார். தட்டைக் காலி செய்தார். கை கழுவிவிட்டு வந்து, “மெட்ராஸுக்கு எப்பப் போவணும்னு சொல்லு, கடைய மூடணும்” என்றார். அவர் சம்மதிப்பது எப்போதும் இப்படித்தான், வேறு ஏதோ பேசுவதுபோல.

சென்னையில் நாங்கள் பார்த்த டாக்டர் ஒரு பெண். என் மகனைவிடச் சில வயது பெரியவளாக இருப்பாள். என் சர்க்கரை அளவை எல்லாம் பார்த்து, சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமும் சம்மதம் வாங்கிவரச் சொன்ன பிறகுதான் மேலே பேசினாள். காதுக்கு முன்னால் தொடங்கி, காதைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் முடிக்குள் போய் முடியும் கோடு ஒன்றை என் முகத்தில் விரலால் வரைந்து காட்டினாள்.

“தோலைத் தூக்கித் தைக்கிறப்ப அதுக்கு அடியில ஓடுற சின்னச் சின்ன நரம்பெல்லாம் அறுபடும்மா. தொட்டா தெரியுதே, அந்த நரம்பு. அதனால கன்னம், காது, கழுத்துப் பக்கம் கொஞ்ச நாள் மரத்துப் போயிருக்கும். திரும்பி வர மாசக்கணக்குல ஆகும். காது மடல்ல மட்டும் சில பேருக்கு முழுசா வராமலே போகலாம். யோசிச்சு சொல்லுங்க.”

கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “சிரிக்க முடியுமா டாக்டர்?”

“தாராளமா. அந்த நரம்பு வேற, அது பத்திரமா இருக்கணும்னுதான் நாங்க அவ்வளவு ஜாக்கிரதையா பண்றோம்.”

“அது இருந்தாப் போதும்” என்றார். என்னைவிட அவருக்குத்தான் அந்தக் கேள்வி முக்கியமாக இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியபோது என் முகம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. கண்ணுக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. தாடையைச் சுற்றித் துணிப்பட்டை. கேட்டவர்களுக்கெல்லாம் “தாடையில ஒரு சின்ன ஆபரேஷன்” என்று கணவர் சொல்லிவைத்தார். பொய்யென்றும் சொல்ல முடியாது.

வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. வலிக்க வேண்டிய இடமே காணாமல் போயிருந்தது. தலையணையில் படுத்தால் தலை பாதியிலேயே முடிந்துவிட்டதுபோலவும், காதிருந்த இடத்தில் யாரோ ஈர மாவை அப்பிவைத்ததுபோலவும் இருக்கும். போனைக் காதில் வைத்தால் பட்டதா இல்லையா என்று தெரியாது, சத்தம் கேட்பதை வைத்துத்தான் புரிந்துகொள்வேன். தலைக்குக் குளிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தபோது, வெந்நீர் சுட்டால்கூடத் தெரியாது, கவனம் என்று எச்சரித்திருந்தாள். அதனால் கணவர் தினமும் வாளிக்குள் முழங்கைவரை விட்டுப் பார்த்துவிட்டு, “ம், ஊத்திக்கோ” என்பார். கைக்குழந்தைக்குத் தண்ணீர் விளாவுவதுபோலத்தான். எங்கள் மகன் குழந்தையாக இருந்தபோது அவர் அதைச் செய்ததில்லை. இப்போதாவது கற்றுக்கொண்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கணவரின் தங்கை அடி அண்ணாமலையில் இருக்கிறாள். கொஞ்சம் நிலம், கிரிவலப் பாதை ஓரமாக ஒரு சிறு கடை. டீ, தண்ணீர் பாட்டில், கற்பூரம், பௌர்ணமி என்றால் சுண்டல். அவள் ஒருநாள் மதியம் முருங்கைக்கீரைக் கட்டோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.

“தாடையில ஆபரேஷன்னு அண்ணன் சொன்னாரு.”

“ஆமாம்மா.”

“தையல் காதாண்ட இருக்குதே அண்ணி?”

இவளிடம் மறைத்துப் பயனில்லை. சொல்லிவிட்டேன். அவள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கிட்டே வந்து, புடவைக்கு ஓரம் அடித்ததைப் பார்ப்பவள்போல என் காதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் தெச்சிருக்காங்க. ஏன் அண்ணி, என்கிட்ட மறைக்கணுமா? நான் இன்னா மைக் வெச்சா சொல்லப் போறேன்?” என்றவள், “தொட்டுப் பாக்கட்டா?” என்று கேட்டாள்.

“காது மடலை மட்டும் தொடு.”

“தெரியுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லியே.”

“ஐயோ அண்ணி, நல்லாக் கிள்ளிட்டேன்!”

துணிப்பட்டைக்குள் சிரிக்க முடியாமல் சிரித்தேன். சிரிப்பு நரம்பு பத்திரமாக இருப்பது அன்று உறுதியானது.

வீக்கம் வடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. “லீவு எடுத்தது நல்லதாப் போச்சு மேடம், மூஞ்சி தெளிஞ்சிருக்குது” என்றார்கள். விபூதி கொடுத்த ஊழியர் மட்டும் தன் அர்ச்சனை பலித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் எறும்புகள் வந்தன. முதலில் கன்னத்து எலும்புக்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு காதுக்கு முன்னால் ஒரு வரிசையே. கோப்பில் கையெழுத்துப் போடும்போது, சாம்பார் தாளிக்கும்போது, தெருவில் நடக்கும்போது எப்போது வேண்டுமானாலும் ஊரும். தட்டிவிட்டுத் தட்டிவிட்டுக் கை சோர்ந்தது. ஒரு காலை கணவர் படுக்கை விரிப்பை எடுத்துப்போய் மாடியில் உதறிவிட்டு வந்தார். “ஒண்ணுமில்லியேம்மா” என்றார். கண்ணாடியில் பார்த்தால் வெறும் கன்னம்தான். கூட்டத்தில் வந்த அந்த அரிப்பும் இதே நாட்களில் வந்ததுதான். தட்டுவதாலும் சொறிவதாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டேன். ஊருகிறதா, ஊரட்டும்.

அதுவரை எல்லாம் வேடிக்கையாகத்தான் போனது. ஒருநாள் காலை நாங்கள் இருவரும் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று இடது காதிலிருந்து தாடைவரை பளீரென்று ஒரு வெட்டு. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டால் அடிக்குமே, அப்படி. “ஆ” என்று நின்றுவிட்டேன். மறுபடி ஒன்று. எனக்கு உடனே தோன்றியது பக்கவாதம்தான். சர்க்கரைக்காரிக்கு வேறு என்ன தோன்றும்?

கணவருக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. என்னைப் பாதையோரத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார். “கையத் தூக்கு. ரெண்டு கையும். வாயத் தொற. சிரி.”

“இப்ப எப்படிங்க சிரிக்கிறது?”

“சிரின்னு சொல்றேன் இல்ல!” என்று அதட்டினார். நான் பல்லைக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்ததைக் குனிந்து பார்த்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார். அந்த வழியாக நடந்த காவித்துணிச் சாமியார் ஒருவர், சண்டை போட்டுக்கொண்டு சமாதானம் ஆகிறார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

டாக்டருக்குப் போன் போட்டோம். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். பேச்சு குழறுகிறதா, கைகால் மரக்கிறதா, முகம் கோணுகிறதா என்று விசாரித்தாள். எதுவும் இல்லை என்றதும், “பயப்படாதீங்கம்மா. நரம்பு திரும்பி வளர்றப்ப இப்படித்தான் சுருக்கு சுருக்குனு அடிக்கும். நல்ல அறிகுறிதான். ரொம்ப ஜாஸ்தியானா வாங்க, மாத்திரை தர்றேன். தினமும் பஞ்சு மாதிரி மெத்துனு எதாலயாவது லேசாத் தொட்டுப் பழக்குங்க” என்றாள்.

போனை வைத்ததும் கணவருக்குத் தெம்பு வந்துவிட்டது. “புதுசா பைப் லைன் போட்டு மோட்டார ஆன் பண்ணா மொதல்ல தண்ணியா வருது? பொர்ரு பொர்ருனு காத்துதான அடிக்குது. அப்புறந்தான் தண்ணி. அது மாதிரிதான்” என்று எனக்கு விளக்கினார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்னைவிட அதிகம் பயந்தவர் அவர்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் உட்காருவேன். அவர் ஒரு துண்டுப் பஞ்சால் என் முகத்தில் எங்காவது தொடுவார். எங்கே என்று நான் சொல்ல வேண்டும். காதுக்கு முன்னால் தொட்டால் எனக்கு நெற்றிப்பொட்டில் தெரியும். கன்னத்தைத் தொட்டால் தாடை என்பேன். “தப்பு” என்பார் பள்ளிக்கூட வாத்தியார்போல. இத்தனை வருடக் குடும்பத்தில் அவர் என் முகத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்கு என்ன பலன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

டாக்டர் அனுமதித்ததும் கம்மல் போட்டுக்கொண்டேன். அந்த மாதப் பௌர்ணமிக்கு நாத்தனார் கடையில் உதவிக்குப் போனேன். சாயங்காலம் ஆகும்போதே பாதை முழுக்க ஜனம். நான் சுண்டல் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சில்லறை வாங்கத் திரும்பிய நாத்தனார் என்னைப் பார்த்துவிட்டு, “அண்ணி, எடது காதுல கம்மல் எங்க?” என்றாள்.

தடவினேன். காது மொட்டையாக இருந்தது. திருகு கழன்று எப்போது விழுந்ததோ, மரத்த காது சொல்லவே இல்லை. நாத்தனார் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சுண்டல் பாத்திரத்தைக் கிளறினாள். கற்பூரப் பெட்டியைக் கவிழ்த்தாள். தண்ணீர் வாங்க நின்ற மூன்று பெண்களும் செல்போன் வெளிச்சத்தோடு குனிந்துவிட்டார்கள். எந்த ஊரோ, யாரோ. கிரிவலத்தை நடுவில் நிறுத்திவிட்டு என் கம்மலைத் தேடினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் நிமிர்ந்து என் பக்கம் வெளிச்சம் அடித்தாள். “அண்ணி! ஆடாதீங்க!”

காதுக்குக் கீழே கழுத்தில், முடிக்கற்றை ஒன்றில் மாட்டிக்கொண்டு கம்மல் நின்றிருந்தது. அதன் தண்டு தோலில் குத்தி, அந்த இடமே சிவந்திருந்தது.

“குத்திக்கினு நிக்குதே, தெரியலியா உங்களுக்கு?”

“அங்கயும் மரத்துதாம்மா இருக்குது.”

தேடிய பெண்களில் ஒருத்தி, “ஏன் மரத்துப்போச்சு? அடிபட்டுச்சா?” என்று கேட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் தொடங்கிவிட்டாள். மைக் வைக்கவில்லை, அவ்வளவுதான். மெட்ராஸ் டாக்டர், காதைச் சுற்றிய தையல், தூக்கிக் கட்டிய கன்னம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அந்தப் பெண்மணி என் வயதுக்காரிதான். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் தாடைக்கடியில் புறங்கையை வைத்து லேசாக மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டாள். “வலிக்குமாங்க?” என்றாள் மெதுவாக.

“வலி கம்மிதாங்க. எறும்புத் தொல்லைதான் ஜாஸ்தி” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டுக் கூட்டத்தோடு நடந்து போனாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். அலுவலகத்தில் ஒரு வாரம் அதையே பேசினார்கள். அடுத்த வாரம் வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

எறும்புகள் குறையத் தொடங்கியிருந்த ஒருநாள், வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கன்னத்தில் ஒன்று ஊர்ந்தது. வழக்கம்போல விட்டுவிட்டேன். காது வரைக்கும் போயிற்று, திரும்பித் தாடைக்கு வந்தது. பரவாயில்லை, நரம்பு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி சுரீரென்று ஒரு கடி.

“ஏங்க!” என்று கத்தினேன்.

கணவர் ஓடிவந்து பார்த்து, விரலால் கிள்ளி எடுத்துக் காட்டினார். செவ்வெறும்பு, நிஜமான எறும்பு. கடித்த இடம் எரிந்தது. எங்கே எரிகிறதோ அதே இடத்தில் என் விரல் போய் நின்றது, ஓர் அங்குலம்கூடத் தப்பவில்லை. எறும்பு கடித்ததற்காக வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். கணவர் அதைக் கீழே விட்டுவிட்டு, “போ, பொழச்சிப் போ” என்றார்.

இப்போது மார்கழி. விடியற்காலை நடக்கப் போனால் மலைமேல் பனி இறங்கியிருக்கிறது. பாதையோரத்து ஆசிரமத்துப் பக்கம் திரும்பும்போது காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. வலது கன்னம் உடனே சில்லிடுகிறது. இடது கன்னம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சில்லிடுகிறது. இடது காது மடலுக்குக் குளிரே இல்லை, இனி வராமலும் போகலாம். டாக்டர் முதலிலேயே சொன்னதுதான், நானும் கேட்டுக்கொண்டுதான் போனேன். எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

கணவர் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. தனக்குக் குளிர்கிறது என்றால் எனக்கும் குளிரத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. நேற்று நடந்துகொண்டிருக்கும்போதே தன் கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்து, என்னை நிறுத்தி, இரண்டு காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

“அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேனே” என்றேன்.

“அதுக்குத் தெரியலன்னா இன்னா, எனக்குத் தெரியுது. நட” என்றார்.

செங்கம் சாலையில் டீக்கடைகள் திறந்திருந்தன. முதல் கடையில் நின்று ஆளுக்கொரு சர்க்கரையில்லாத காபி சொன்னோம். கண்ணாடித் தம்ளரைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். இடது கன்னத்தில்தான். சூடு மெல்ல ஏறியது.